முதல்ல பாயசம் விடுங்க!

2012 வாக்குல நடந்தது. தக்கலையில சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்கேன். அப்ப என் மக பிளஸ் ஒன் படிச்சுட்டிருந்தா. அவ மெலியுறது எனக்குத் தெரிஞ்சதே ஊசியும் நூலும் சொல்லித்தான். யூனிஃபார்ம் சுடிதார் லூசா இருக்குன்னு பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நாள்ல மறுபடி பிடிச்சேன். அடுத்த தடவை பிடிக்க மிஷின்ல உட்கார்ந்தப்ப மிஷினை ஓட்டாம எழுந்துட்டேன்.

எங்க வீட்டுல சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அவளுக்கு எப்பவும் அதே சின்னத் தட்டு, அதே மூலை. சோறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். ஒண்ணு இன்னொண்ணைத் தொட்டுட்டா எழுந்து போயிடுவா. கண்ணு பட்டிருக்குன்னாங்க சொந்தக்காரங்க. வயித்துல பூச்சின்னாங்க. நான் கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், சாமிக்கு நேர்ந்தும் பார்த்தேன். ஸ்கூல்ல மயங்கி விழுந்த பிறகுதான் நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டர் அனோரெக்சியான்னு ஒரு பேர் சொன்னார். குண்டாயிடுவோம்னு பயந்து சாப்பாட்டை ஒதுக்குற மனநோயாம். அசட்டையா விட்டா உயிருக்கே ஆபத்துன்னார். சோத்துக்குப் பஞ்சமில்லாத வீட்டுக்குள்ளயும் பட்டினி புகுந்து உட்காரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கொஞ்சம் தேறினதும் வேளாவேளைக்கு என்ன சாப்பிடணும்னு சொல்லி அனுப்பினாங்க. மக அதை மருந்து மாதிரி விழுங்குவா. அதுக்கு மேல ஒரு பருக்கை? ம்ஹூம்! அப்புறம் வாரம் ஒரு நாள் சைக்காலஜிஸ்ட்கிட்ட வரச் சொன்னாங்க. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த சின்னப் பொண்ணு.

சரி, நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பிள்ளையைச் சாப்பிட வைப்பாங்கன்னு நம்பிப் போனேன். அவங்க சோத்துப் பேச்சே எடுக்கல. சிவப்பு மையில 'பச்சை'ன்னு எழுதின அட்டையைக் காட்டி, மை என்ன நிறம்னு கேட்டாங்க. திடீர்னு, இப்ப எழுத்தைப் படின்னாங்க. மறுபடி நிறம், மறுபடி எழுத்து. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "பிள்ளை சோறு தின்ன மாட்டேங்கா, நீங்க விளையாட்டு காட்டிட்டு இருக்கீங்களே!"ன்னு கேட்டே விட்டேன்.

அவங்க கோபப்படல. "அம்மா, இவ மனசு ஒரே தடத்துல ஓடிப் பழகிடுச்சு. தடம் மாத்தி ஓடப் பழக்குறோம். இங்க சாப்பாட்டைப் பேசினா இவ கதவைச் சாத்திக்குவா. வாங்க, நீங்களும் உட்காருங்க."

மக கையில ஒரு படத்தைக் கொடுத்தாங்க. அவ வாயால சொல்லணும், நான் படத்தைப் பார்க்காம வரையணும். அவ ஆரம்பிச்சா பாருங்க! சரிஞ்ச கோடு, அது பக்கத்துல விரல் அகலம் விட்டு இன்னொரு கோடு, மேல குட்டியா ஒரு வளைவு... துணியில சாக்பீஸ் ஓட்டுற கையாச்சே, விடுவேனா? போட்டேன். முடிச்சுப் பார்த்தா எருமை ஒண்ணு படுத்துக் கிடக்கு! படத்துல இருந்தது என்னமோ ஓட்டு வீடு.

"எம்மா, இதுக்கு வால் எங்க?"ன்னு கேட்டுட்டு என் மக விழுந்து விழுந்து சிரிச்சா. மாசக்கணக்கா நான் கேக்காத சிரிப்பு.

"முதல்லயே வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்க இல்லியா?"ன்னு அந்த சைக்காலஜிஸ்ட் பொண்ணும் சேர்ந்து சிரிச்சாங்க.

வீட்டுப் பாடமும் உண்டு. தினமும் ஏதாவது ஒரு காரியத்தை மாத்திச் செய்யணும், அம்மாவும் சேர்ந்து செய்யணும். மக வாட்சை வலது கையில கட்டினா, வகிட்டை மறுபக்கம் எடுத்தா. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில இருந்து திரும்புறப்ப வழக்கமான பஸ்ஸை விட்டுட்டு அவளைக் குளச்சல் பஸ்ல ஏத்தினேன். ஊரெல்லாம் சுத்தி வீட்டுக்கு வந்தா, "உங்க ரெண்டு பேருல வைத்தியம் யாருக்கு?"ன்னு வாசல்லயே கேட்டார் என் வீட்டுக்காரர்.

இப்படியே போயிட்டிருந்தப்ப என் அண்ணன் மக கல்யாணம் வந்தது. எங்க பக்கத்துப் பந்திக்கு ஒரு முறை உண்டு. பருப்பு, நெய், சாம்பார், அதுக்கப்புறம்தான் பாயசம், பிறகு ரசம், மோர். முறை மாறினா சம்பந்தி வீட்டோட சண்டையே வந்துரும். இலை போட்டாச்சு. மக சாப்பிடுறப்ப அவ வாயையே பார்க்கக்கூடாதுன்னு எனக்கு ஆஸ்பத்திரி உத்தரவு. அதனால மேல ஓடுற ஃபேனையே பார்த்துட்டிருந்தேன்.

பரிமாறிட்டு வந்த என் தம்பியை அவ கூப்பிடுறது காதுல விழுந்தது. "மாமா, எனக்கு முதல்ல பாயசம் விடுங்க."

"ஏட்டி, சோறே விழல, அதுக்குள்ள பாயசமா? பந்திக்கு ஒரு முறை உண்டும்லா?"

"மாத்திச் செய்யணும் மாமா. ஹோம்வொர்க்."

யாரும் சொல்லாம, கெஞ்சாம, அவளா வாய் திறந்து ஒண்ணைச் சாப்பிடக் கேட்டுட்டா! தம்பிக்கு எல்லாம் தெரியும். அவன் சோத்து வாளியை அப்படியே தரையில வச்சுட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினான். அடைப்பிரதமன் பாயசம் வந்தது. ஓரக்கண்ணால பார்த்தேன். எங்க ஊர் வழக்கப்படி அதுல பப்படத்தை நொறுக்கிப் போட்டு ஒரு வாய் எடுத்தா. அடுத்த வாய்க்குக் கை பாதியில நின்னுச்சு. மறுபடி ஃபேனைப் பார்த்தேன், முருகா முருகான்னேன்.

"எம்மா, ஃபேன் எங்கயும் ஓடிப்போகாது. நீயும் முதல்ல பாயசம் சாப்பிடு." திரும்பிப் பார்த்தா விரலை நக்கிட்டு உட்கார்ந்திருக்கா!

எதிர் வரிசையில சம்பந்தியம்மா முறைச்சுப் பார்த்தாங்க. பார்க்கட்டும்னு நானும் இலையை நீட்டினேன்.

அன்னைக்கே எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னா அது பொய். அதுக்குப் பிறகும் அழுத நாள் உண்டு, தட்டைத் தள்ளின நாள் உண்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்த நடையும் உண்டு. ஆனா ஒரு நாள் அந்தச் சுடிதாரைக் கொண்டு வந்து என் மிஷின் மேல போட்டா. "இறுக்குதும்மா, பிடிச்சதைப் பிரிச்சு விடு"ன்னா. சொல்றப்ப முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிட்டா. தைச்சதைப் பிரிக்கிறதுல இவ்வளவு சந்தோஷப்பட்ட தையல்காரி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

இப்ப அவ வேலைக்குப் போறா. எங்க வீட்டு விசேஷத்துல இன்னைக்கும் பாயசம்தான் முதல்ல. முறை தப்புதேன்னு யாராவது முணுமுணுத்தா நான் சொல்றது இதுதான்: முறை தப்பினதாலதான் என் பிள்ளை தப்பிச்சா.