நாற்பத்திரண்டு விநாடி

படப்பையில் நான் குடியிருந்த வீட்டின் கீழறையில் ஒருவர் இருந்தார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், வரிசையாக வரும் பீஸ்களை மாட்டும் லைன் வேலை. எதைப் பேசினாலும் நடுநடுவே அவரது வலது கட்டைவிரல் இல்லாத ஒரு பட்டனை அழுத்தும். அது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

காயலான் கடையிலிருந்து பழைய பிஎல்சி ஒன்றை வாங்கி வந்திருந்தார். தொழிற்சாலை இயந்திரத்துக்கு உத்தரவு போடும் பெட்டி அது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அதற்குப் புதிதாகப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டுக் காட்டினார். பலகையில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, ஒரு பட்டன்.

"எங்க லைன்தான் சார் இது. பச்ச எரிஞ்சா நாப்பது செகண்டுல பீஸை மாட்டிட்டு பட்டனை அமுக்கணும். இல்லாட்டி செவப்பு எரியும், சூப்பர்வைசர் வந்துடுவாரு."

"அங்கேயும் இதே பெட்டியா?"

"இதே மாடல்தான். ஆனா நான் கான்ட்ராக்ட். அந்தப் பேனல்ல கை வெச்சா கேட்டுக்கு வெளியதான். அதான் வூட்ல நாப்பத்திரண்டா மாத்திக்கினேன்." சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினார். மறுபடி பச்சை.

"இவ்வளவு கத்துக்கிட்டு வீட்டிலயும் அதே லைனா? வேற ஏதாவது ஓட்டலாமே."

அவர் யோசித்தார். கட்டைவிரல்கூட நின்றுவிட்டது. சிவப்பு எரிந்தது. சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தார். அங்கே எங்கள் செருப்புகள்தான் கிடந்தன.

இரண்டு விநாடியைக் கூட்டத் தெரிந்தவர், அந்தச் சிவப்பை மட்டும் ஏன் எடுக்காமல் விட்டார்?