தேய்த்தெடுத்த நம்பர்

அப்பாவின் புல்லட்டை உப்புக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டது அண்ணன்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், என் கோபம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஆம்பூரில் அப்பா கணக்குப் பார்த்த தோல் கம்பெனியின் பின்பக்கம், பச்சைத் தோலுக்கு உப்பு போட்டு அடுக்கிவைக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அப்பா இறந்துபோன மறுமாதம், "ஓரமா கெடக்கட்டும்" என்று வண்டியை அங்கே சாய்த்துவிட்டு வந்தான். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒன்பது வருஷம் கிடந்தது. சைலன்சர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

வீட்டை அவனே எடுத்துக்கொண்டான். நான் வண்டியை மட்டும் கேட்டேன்.

"அத வச்சி நீ இன்னா பண்ணப் போற? எடைக்குப் போட்டாகூட எவனும் வாங்கமாட்டான்."

"ஓட்டப் போறேன்."

விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடியும் சிரித்தான். அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த வண்டி என் பேருக்கு மாற வேண்டும். நானே அதை ஓட்டிக்கொண்டு அவன் வாசல் வழியாக ஒருமுறை போக வேண்டும்.

நான் வாணியம்பாடி ரோட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். மேசையில் விரித்த தோலைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பதுதான் அதிகம். உண்ணி கடித்த வடு, முள் கிழித்த தழும்பு, மாட்டுக்குச் சூடு போட்ட அடையாளம், எது விரலில் இடறினாலும் சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அந்தத் தோல் அடுத்து என் வீட்டுக்காரரிடம் போகும். அவர் பஃபிங் மிஷின்காரர். வட்டத்துக்குள் இருப்பதை எமரியில் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்புவார். பதினாறு வருஷமாக நான் வட்டம் போடுகிறேன், அவர் ஏன் என்று கேட்காமல் தேய்க்கிறார்.

என்ஜினை வேலூரில் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தோம். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் என் வீட்டுக்காரருக்குப் போகும்.

"சீட்ட எவ்ளோ எறக்கணும்ணே?"

"உக்காரப் போறது நானு. என்னக் கேளுங்க."

"அக்காவா ஓட்டப் போறாங்க?" என்று மறுபடியும் அவரையே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் குள்ளம். அப்பாவின் வண்டியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. அதனால் அந்த நீளமான சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாழ்வாக ஒற்றை ஆள் சீட் வைக்கச் சொன்னேன். ஹேண்டிலை என் கைக்கு எட்டும்படி பின்னால் வளைத்தோம். பின்பக்க மட்கார்டில் துருப்பிடித்த பாதியை வெட்டியாயிற்று. சீட்டுக்கான தோலை நானே தேர்ந்தெடுத்து நானே தைத்தேன்.

வண்டியின் இரும்புச் சட்டத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. தேய்ப்பதற்கு என் வீட்டில் ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வாசல் சிமெண்டுத் தரையில் போட்டோம். அப்பா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பிரஷ்ஷால் அடித்த கறுப்புப் பெயிண்ட், ஒன்றின் மேல் ஒன்றாக உப்பியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு தலை முதல் வால்வரை தடவினேன். இடறிய இடத்தில் எல்லாம் வட்டம் போட்டேன்.

"ஒரு எடம்கூட கைல இடறக் கூடாது," என்றேன்.

கிரைண்டரை இரவல் வாங்கிவந்து சாயங்காலம்வரை தேய்த்தார். அவ்வளவு அழகாக வந்தது. புதுப் பெயிண்ட் அடித்த பிறகு விரல் வழுக்கிக்கொண்டே போனது. மெக்கானிக் கூட என்னைப் பார்த்து, "சூப்பரா இருக்குக்கா" என்றார்.

பேர் மாற்றவும் பழைய ஆர்சியைப் புதுப்பிக்கவும் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோனோம். இன்ஸ்பெக்டர் ஒரு சின்னத் தாளை ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். சேஸிஸ் நம்பர் அங்கேதான் குத்தியிருக்குமாம். தேய்த்தால் தாளில் எழும்பி வருமாம். தாள் முழுக்கக் கறுப்பாயிற்று, ஓர் எழுத்தும் வரவில்லை. இடத்தைத் தள்ளித் தள்ளி மூன்று தாள் தேய்த்தார்.

"இன்னாம்மா, நம்பர வழிச்சி எடுத்து வச்சிருக்கீங்க? திருட்டு வண்டிலதான் இப்டிப் பண்ணுவாங்க."

"எங்கப்பா வண்டி சார்."

"அத நம்பர்தானம்மா சொல்லணும். ஓனர் வந்து எழுதிக் குடுக்கட்டும்."

"ஓனர் செத்துட்டாரு. எம் பேருக்கு மாத்தத்தான் வந்தேன்."

"நம்பர் இல்லாம எத மாத்தறது?"

அப்பாவின் பழைய ஆர்சியை மறுபடியும் அவர் முன்னால் நீட்டினேன். கடைசியில் அவரே இறங்கிவந்து, வாரிசு என்று காட்டி, நம்பர் எப்படி அழிந்தது என்று எழுதி முதலில் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கச் சொன்னார். பழைய போட்டோ இருந்தால் சேர்த்துக் கொடுக்கவும் சொன்னார். யார் போய்ச் சொன்னார்களோ, நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அண்ணன் போன் செய்துவிட்டான். "திருட்டு வண்டின்ட்டாங்களாமே?" என்றான். குரலிலேயே சிரிப்பு தெரிந்தது.

அடுத்த மூன்று வாரம் என் வீட்டுக்காரரை நான் மனுஷனாக நடத்தவில்லை. "தேய்க்கச் சொன்னா பூமி வரைக்கும் தேய்ப்பீங்களா? கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். பெயிண்ட் மூடியிருந்தது என்று ஒருமுறை சொன்னார். அதற்கும் பிடித்துக் கத்தினேன். சோற்றுத் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைப்பேன், பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மனுவோடு வைக்கப் பழைய போட்டோ தேடி ஒருநாள் என் போனைத் துழாவினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்தது கிடைத்தது. தேய்ப்பதற்கு முன்னால் சட்டம் தரையில் கிடக்கிறது. அதில் ஏழு வெள்ளை வட்டங்கள். ஏழாவது கழுத்தில், நம்பர் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில். என் வட்டம் எப்போதும் முழுதாக மூடாது, முடிவில் ஒரு சின்ன வால் நீளும். அந்த வாலும் இருந்தது. தோலில் தழும்பு தேடுகிற விரலுக்கு அப்பாவின் நம்பரும் தழும்பாகத்தான் பட்டிருக்கிறது.

போனை அவரிடம் நீட்டினேன். பார்த்தார். அவர் முகம் மாறவே இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆர்டிஓ ஆபீஸ்லயே தெரியும். அந்த எடத்துல நீ வட்டம் போட்டது ஞாபகம் இருந்துச்சி."

"ஏன் சொல்லல? நாய் மாதிரி கத்திக்கினு கெடந்தேனே."

"சொல்லியிருந்தா, நாந்தான் கெடுத்தேன்னு மனசொடிஞ்சி வண்டிய மறுபடியும் அந்தக் கொட்டாய்லயே போட்டிருப்ப. எம் மேல கோவம் இருந்தா, அந்தக் கோவத்துலயாவது ஆபீஸ் ஆபீஸா அலைவ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இனிமேல் கத்துவதற்கு வீட்டில் ஆளும் இல்லை.

மனுவை அவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். 'உப்புக் கொட்டகையில் பல வருடம் கிடந்ததால் துரு அரித்து எண் அழிந்துவிட்டது.' படிக்க எவ்வளவு சுகமாக இருந்தது. பழி முழுக்க அண்ணன் தலையில் போய் உட்காரும், யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்தேன். புதுத் தாளில் நானே எழுதினேன்: 'நான் தோலில் குறை பார்க்கும் வேலை செய்கிறேன். குறை என்று நினைத்து எண்ணின் மேல் வட்டம் போட்டது நான். என் கணவர் அதைத் தேய்த்தார்.'

"கடைசி வரிய எடுத்துடாத," என்றார். "அதுவும் நெசந்தான்."

ஸ்டேஷனில் மனுவை வாங்கிய ரைட்டர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனின் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. மனு வாங்கியதற்கான ரசீதில் சீல் வைத்துக் கொடுக்கும்வரை அவர் மேசை முன்னாலேயே நின்றேன்.