பாலம் கேட்கும் திராஷர்

"லெமுவெல் திராஷர்!" என்று ஒரு விவசாயி ஷெரிஃபிடம் உரக்கச் சொல்கிறார். எழுத்தர் குறித்துக்கொள்ளும் முன்பே, பக்கத்து நாற்காலியிலிருந்து திராஷர் எழுந்து தொப்பியைக் கழற்றிக் குனிகிறார்.

"நன்றிப்பா ஜெப். பசுவுக்குக் கால் தேவலையா?"

சட்டமன்றத் தேர்தல்; வாக்கை எல்லோர் முன்னும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். நீதிமன்ற வாசலில் மூன்று நாளாக இதுதான் வேலை. எதிர்த்து நிற்கும் இளம் வழக்கறிஞர் ஹாக்கடே அடுத்த நாற்காலியில் இருக்கிறார். அவர் பெயரைச் சொன்னவர்களிடமும் திராஷர் மாட்டை விசாரிக்கிறார்.

தோல் பதனிடுவது திராஷரின் தொழில். அந்த வாடைக்குக் கென்டக்கி சட்டமன்றத்தில் இவரருகே எப்போதும் இரண்டு இருக்கை காலி. ஆறு வருடத்தில் இவர் பேசியது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "தலைவரே, எங்க ஆத்துப் பாலம் என்னாச்சு?" போன வசந்தத்தில் படகு கவிழ்ந்து மூன்று பேர் போனார்கள். ஒருத்தி இவர் தங்கை. பாலத்துக்கான மசோதா பாதி வழியில் நிற்கிறது. தள்ளிவிட ஆள் இல்லையென்றால் இந்தக் குளிர்காலத்தோடு செத்துவிடும்.

மூன்றாம் நாள், பொழுது சாய்கிற நேரம். ஆளுக்கு முந்நூற்றுப் பதினொன்று. மிச்சமிருக்கும் வாக்கு திராஷருடையது மட்டுமே.

போட்டியாளர்கள் எதிராளிக்கு வாக்களிப்பது எங்கள் பக்கத்து மரியாதை. ஹாக்கடே முதல் நாள் காலையிலேயே திராஷர் பெயரைச் சொல்லிவிட்டார். அப்போது அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

"லெம் அண்ணே, உங்க பேரையே சொல்லுங்க! மரியாதையைக் கட்டி ஆத்தைத் தாண்டவா போறீங்க?" என்று கூட்டத்தில் ஜெப் கத்தினார்.

"வாயை மூடிக்கிட்டாவது இருங்க!" என்றது இன்னொரு குரல்.

திராஷர் ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு ஹாக்கடேயை.

"இந்தப் பையன் எனக்குச் சொன்னான்ல," என்றார். ஷெரிஃபிடம் திரும்பி, "ஹாக்கடே!"

ஜெப் தொப்பியைத் தரையில் அடித்தார். வென்றவர் கைகுலுக்க வந்தார். நீட்டிய கையைப் பிடித்த திராஷர் விடவே இல்லை. சரிவில் இறக்கிப் படகுத்துறைக்கே கூட்டிப்போனார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"பெரியவரே, எங்கே இழுத்துட்டுப் போறீங்க?"

"ஷூவைக் கழட்டுங்க தம்பி. பாலம் கேக்கப் போறவருக்கு ஆழம் தெரிய வேணாமா?"

சொல்லிவிட்டு, உடுத்திய நல்ல கோட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, கரையிலிருந்தவரை நோக்கிக் கையை நீட்டினார்.