புடவைக்கு அடியில் இருந்த செருப்பு

கடலூர் ஜவுளிக்கடை முதலாளியே, நீ அந்த விற்பனைப் பெண்ணைச் செருப்பால் அடித்தாய். நான் பார்த்தேன்.

உன் கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரக் கூடாது. சாமி படம் இருப்பதால் செருப்பும் போடக் கூடாது. எனக்குப் புடவை விரித்துக் காட்டும்போது அவள் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். எனக்கும் குதிகால் வலி என்றேன்.

"மெத்துனு எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிப் போடுக்கா. காலைல மொத அடி வைக்கறப்ப உசுரு போவாது" என்று சொல்லி, தன் புடவைக்கு அடியில் காலில் ஒளித்துப் போட்டிருந்ததைக் காட்டினாள்.

நீ பார்த்துவிட்டாய். அவளைக் கீழே தள்ளி, அதைப் பிடுங்கி வாயிலேயே அடித்தாய். உதடு கிழிந்து விரித்த புடவையில் ரத்தம் சொட்டியது. அவள் எழுந்து, செருப்பை எடுத்து மறுபடி காலில் மாட்டினாள்.

"வேற கலர் காட்டவாக்கா?" என்றாள்.

அது என்ன மனசு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நீ சொல்ல வேண்டியது வேறு. அன்று அந்தச் சாமி படத்துக்கு முன்னால் உன் காலிலும் செருப்பு ஏன் இருந்தது? கடை வாசலில் நின்று, எல்லார் முன்னாலும் சொல்.