நான் பூசாத துரு

எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். வேலை நேரம் போக மீதி நேரத்தில் சின்னச் சின்ன கூட்ஸ் வேகன்கள் செய்வேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், சாமான் வந்த மரப்பெட்டியின் பலகை, வனஸ்பதி டின்னை வெட்டி நிமிர்த்திய தகரம். ஆணி முனையால் தகரத்தின் பின்பக்கம் குத்திக் குத்தி ரிவெட் வரிசை எழுப்புவேன். அதை ஓட்ட என்னிடம் தண்டவாளம் கிடையாது. அது ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொருவர் தோட்டத்தில் இருந்தது.

அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சக்கரம் கடைந்து தர ஆள் தேடி எங்கள் மில்லின் லேத்துக்கு ஒரு நாள் வந்தார். ஃபோர்மேன் என்னைக் கை காட்டினார். வடக்கே எங்கோ ஒரு மலை ஊரில் வேலை பார்த்தபோது அதிகாரி ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் குட்டி ரயில் ஓடுவதைப் பார்த்தாராம். ஓய்வுக்குப் பிறகு தானும் ஒன்று போட்டுவிட்டார். கொய்யா மரத்தையும் எலுமிச்சையையும் சுற்றி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வளைந்து போகிற பாதை. செங்கல் வரிசையின் மேல் தேக்குத் துண்டுகள், அவற்றில் பதித்த பட்டைக் கம்பி. காரின் வைப்பர் மோட்டாரும் பாட்டரியும் வைத்து எஞ்சினை அவரே செய்திருந்தார். அவருக்கு எஞ்சின் மட்டும்தான் கண்ணில் படும். வேகன்களை என்னிடம் விட்டுவிட்டார்.

நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். மதினி காபி கொண்டுவந்து வைப்பார், என் கையிலிருக்கும் வேகனைச் சற்று நேரம் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எண்ணினால் முப்பது வாக்கியம் தேறாது.

வேகன் செய்வதைவிட அதைப் பழசாக்குவதுதான் எனக்குப் பெருமை. புது வேகன் பொம்மை மாதிரி இருக்கும். ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு விளிம்புகளைத் தேய்ப்பேன். லேத்தில் விழும் இரும்புத் தூளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் நாலு நாளில் அசல் துரு கிடைக்கும். செங்கல் பொடி, விளக்குக் கரி, தேயிலை டிக்காஷன் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவேன். ஒரு வேகனுக்கு ஒரு மாதம் ஆகும்.

மாதிரி பார்க்க ராஜபாளையம் ஸ்டேஷனின் சரக்குக் கொட்டகைக்குப் போவேன். ஒரு தடவை டேப்பும் நோட்டுமாக மீட்டர்கேஜ் வேகன் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது காவலாளி பிடித்துக்கொண்டார். துருவை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னதை யார்தான் நம்புவார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் நிறுத்தினார். அவர் நோட்டைப் புரட்டிவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, இனிமேல் எட்ட நின்று பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு எட்டத்தான் நின்றேன். என் வேகன்களில் பாதி, எட்ட நின்று பார்த்ததை வைத்துச் செய்தவை. இதை அப்போது நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

முடிந்த வேகன்களை அண்ணாச்சி வீட்டிலேயே ஒரு தகரப் பெட்டியில் வைத்துவிட்டு வருவேன். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஓட்டுவோம். ஒரு ஞாயிறு, நாலாவது வேகனின் கதவுத் தாழ்ப்பாளுக்குக் கீழே துரு ஒழுகிய கோடு ஒன்றைப் பார்த்தேன். நான் போட்டதில்லை. மழைத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைக்கலாம், ஆனால் பெட்டி வீட்டுக்குள் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே ஒவ்வொரு வேகனையும் நோட்டில் வரைந்து, எந்தக் கறை எங்கே என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது ஐந்தாவது வேகனின் வாசற்படி ஓரம் வெளிறியிருந்தது. அதற்கடுத்த முறை, பலகையில் சாக்பீஸால் எழுதி அழித்தது போலக் கிறுக்கல். யாரோ என் பொருளில் கை வைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை விட்டுவிட்டு அண்ணாச்சியின் முகத்தையே கவனிக்க ஆரம்பித்தேன். அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்த்தேன். பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறார் என்று பார்த்தேன்.

காரணமும் எனக்குத் தானாகக் கிடைத்தது. ராஜபாளையத்து முதலாளி ஒருவர் தன் பங்களாத் தோட்டத்திலும் இப்படி ஒரு ரயில் வேண்டும் என்று கேட்டதாக அண்ணாச்சி எப்போதோ சொல்லியிருந்தார். அப்படியென்றால் விஷயம் இதுதான்: என் வேகன்களை வைத்துப் பழகிக்கொள்கிறார், நாளைக்கு முதலாளியிடம் எல்லாம் தன் கைவேலை என்று சொல்லப்போகிறார். வீட்டில் சொன்னேன். என் மனைவி, கேட்டுவிட்டால் தெரிந்துபோகிறது, எதற்கு மனசுக்குள் வைத்துப் புழுங்க வேண்டும் என்றாள். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நான் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை கரண்ட் இல்லாமல் மில்லை மதியத்தோடு நிறுத்திவிட்டார்கள். சொல்லாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பின்கட்டு அறையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் என் ஆறாவது வேகன் இருந்தது. பக்கத்தில் கொட்டாங்கச்சியில் துருத் தண்ணீர், அதில் ஒரு பிரஷ். வேகனின் மூலையில் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. தோட்டத்திலிருந்து அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என் வேகன்ல யாரு கை வைக்கது அண்ணாச்சி?" என்றேன்.

அவர் வேகனைப் பார்த்தார், வீட்டின் உள்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நாந்தான் தம்பி. சும்மா செஞ்சு பாத்தேன்" என்றார்.

நான் எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் அதோடு நிறுத்தவில்லை. முதலாளியிடம் காட்டத்தானே, உங்கள் வேலை என்று சொல்லத்தானே என்று கேட்டுவிட்டேன். எத்தனை நாளாக நடக்கிறது என்று நோட்டைப் பிரித்து, தேதியோடு வாசித்தும் காட்டினேன். அவர் முழுவதையும் நின்று கேட்டார். இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதரை ஒரு திருடன் போல நிறுத்தி வைத்திருந்தேன்.

"ஒன் சாமானை நீ எடுத்துட்டுப் போயிரு" என்றார். அவ்வளவுதான்.

எட்டு வேகன்களையும் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டில் பரண் மேல் ஏற்றிவைத்தேன். நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, சரக்குக் கொட்டகையில் ஒரு வரிசை வேகன் வெகுநேரமாக நின்றது. காவலாளி மழைக்கு உள்ளே ஒதுங்கியிருந்தார். வெகுநாளைக்குப் பிறகு கிட்டப் போனேன். பையில் அந்த ஐந்தாவது வேகனைக் கொண்டு போயிருந்தேன். அந்த வெளிறிய இடம் எவ்வளவு தப்பு என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளும் ஆசை என்று இப்போது தோன்றுகிறது.

தப்பு என்னுடையது. அசல் வேகனின் வாசற்படி, பருத்திப் பொதி உரசி உரசி அதே இடத்தில் வெளிறியிருந்தது. தாழ்ப்பாளுக்குக் கீழே அதே கோடு, அதே சரிவில். கதவுப் பலகையில் சாக்பீஸ் எழுத்துகள், ஒன்றின் மேல் ஒன்றாக அழித்து எழுதியவை. நான் பூசியிருந்த துருவோ எல்லாப் பக்கமும் ஒரே அளவில், அழகாக, எங்கேயும் இல்லாத துருவாக இருந்தது.

மழையில் நின்றபடியே இன்னொன்றும் உறைத்தது. அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. வேகனுக்குக் கதவு எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் துடைத்துக்கொண்டு வந்த கையில் பெயிண்ட் இல்லை, மண்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கிறார், ஆனால் நான் நினைத்த பொய் அல்ல.

அடுத்த ஞாயிறு சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி வாங்க, உட்காருங்க என்றார். அதுவரை என்னை அப்படி மரியாதை போட்டு அவர் பேசியதில்லை. நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். சரி என்றார். யார் செய்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுபடியும் விசாரணை போல இருக்கும்.

மதினிதான் வந்து எதிரே உட்கார்ந்தார். காபி இல்லாமல் அவர் அந்த அறைக்கு வந்து அன்றுதான் பார்த்தேன்.

"அதெல்லாம் நான் செஞ்சது தம்பி" என்றார். "எங்கய்யாவுக்கு விரிசல் இருக்கான்னு கூட்ஸ் வண்டிச் சக்கரத்தச் சுத்தியலால தட்டிப் பாக்குற வேலை. சோறு கொண்டுபோயி யார்டுல அவிய கூடவே நடப்பேன். நீங்க பூசினது பாக்க நல்லா இருந்துச்சு. ஆனா வேகன் அப்பிடி இருக்காது. சொன்னா நீங்க சங்கடப்படுவீகன்னு சொல்லல."

இதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணாச்சியை அவர்தான் கேட்டுக்கொண்டாராம். அன்றைக்கு நான் நோட்டைப் பிரித்து வாசித்தபோது அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "வெளிய வந்து சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு" என்றார். யாரைப் பார்த்துப் பயம் என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான். தெரிந்ததுதானே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அண்ணாச்சி என்னைத் திரும்பவும் தம்பி என்று கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த முதலாளி வரவே இல்லை, ரயில் ஆசை அவரைவிட்டுப் போயிருக்கும். ஆனால் நானும் மதினியும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தோம். நான் தச்சும் தகரமும், அவர் கறை. எண்ணெய் டாங்கி வேகன் ஒன்றுக்கு மூடியைச் சுற்றி எண்ணெய் வழிந்த கறை போட மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். இது போதும் என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நிறையப் பேசுவார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கூட்ஸ் வண்டியின் கடைசியில் வருமே, அந்தக் கார்டு வேன் ஒன்றை எனக்குத் தெரியாமல் மதினியே முழுதாகச் செய்து முடித்து என் முன்னால் வைத்தார். கையில் எடுத்ததும் என் புத்தி குறை தேடத் தொடங்கிவிட்டது. எனக்கு வாய்த்த கண் அப்படி. கவிழ்த்துப் பார்த்தேன், அச்சைச் சுற்றிவிட்டேன், கதவை ஆட்டினேன். முன் சக்கரம் இரண்டும் ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தன. வளைவில் நிச்சயம் தண்டவாளத்தைவிட்டு இறங்கிவிடும்.

சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினேன். பிறகு சொன்னேன்.

வேனை என் கையிலிருந்து வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா" என்றார். ஸ்பேனரை எடுத்து வரச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் அச்சைப் பிடித்துக்கொண்டேன், அவர் நட்டைக் கழற்றினார்.