அண்ணம் திறந்திருந்த ஒன்பது நாட்கள்

இடது மேற்பல் ஒன்று ஆடியது. கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனைப் பல் வைத்தியரிடமே பிடுங்கினேன். இரண்டு மாதமாகியும் குழி ஆறவில்லை. இப்படி ஆறாத புண்ணோடு இதை வாசிப்பவர்கள் உடனே படமெடுத்துப் பாருங்கள். நான் பிந்திவிட்டேன்.

ஸ்கானும் பயொப்சியும் (கட்டியில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) முடிந்த பிறகு பெயர் கிடைத்தது: அமெலோபிளாஸ்டோமா (பல்லின் மேற்பூச்சான மிளிரியை, அதாவது எனாமலை, உண்டாக்கும் கலங்களின் வழியில் வரும் கட்டி). புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகும். மேல்தாடையில் வருவது அரிதாம்.

"இடது பக்க மேல்தாடையையும் அண்ணத்தையும் எடுக்கவேணும். ஓட்டையை மூடத் தட்டொன்று செய்து தருவம்," என்றார் சத்திரசிகிச்சை நிபுணர், சிங்களத்தில்.

"கதைக்க ஏலுமா டொக்டர்?"

"கதைக்கலாம் மல்லி (தம்பி). எவ்வளவு தெளிவா எண்டு போட்டுப் பாத்துத்தான் சொல்லலாம்."

வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் வரலாறு படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வங்கியோ பொலிஸோ, எங்கே பேசவேண்டுமென்றாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். என் குரல் போனால் நான் யார்?

சத்திரசிகிச்சைக்குப் பின் வாயில் அடைத்திருந்த துணியை எடுத்த அன்று கண்ணாடி கேட்டு வாங்கினேன். வாய் வழியே மூக்கின் உட்புறம் தெரிந்தது. ஈரமான, இளஞ்சிவப்பான ஓர் அறை. இத்தனை வருடம் என் மூச்சு போய்வந்த இடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பயம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேசியபோது எல்லா ஒலியும் மூக்கால் போனது. தாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதிக் காட்டக் கொப்பியைத் தேடினேன்.

"தலகாணிய உயர்த்தட்டாம் மிஸ்," என்றார் பக்கத்தில் இருந்த அப்பா. நான் சொன்னது அதுதான்.

"உங்களுக்கு எப்பிடி விளங்கிச்சு அங்கிள்?"

"ஹார்பர்ல கிரேனுக்குக் கீழ முப்பது வருசம். காது எப்பவோ போச்சு. எல்லாரிட வாயையும் பாத்துத்தான் கதைக்கிறனான். எனக்கு இவன் இப்பவும் முந்தின மாதிரித்தான் கதைக்கிறான்."

காது கொஞ்சம் மந்தம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா இத்தனை காலமும் எங்கள் முகங்களை வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

தட்டு வரும்வரை ஒன்பது நாள் அவரே என் வாய். நான் சொன்ன ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"டொக்டர் இண்டைக்கும் லேட் எண்டு சொல்றான். அதை உங்களிட்டச் சொல்ல வேணாமாம்."

டொக்டர் சிரித்தார். சிரிக்க முடியாமல் நான் போர்வையை இழுத்து மூடினேன்.

பத்தாம் நாள் அக்ரிலிக் தட்டைப் பொருத்திப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கொஞ்சம் தடித்திருந்தாலும் என் குரல்தான். அம்மா அழுதுவிட்டார். ஏன் அழுகிறாள் என்பதுபோல அப்பா அம்மாவைப் பார்த்தார்.

இப்போது மறுபடி படிப்பிக்கிறேன். கட்டி திரும்ப வரலாம் என்பதால் ஸ்கான் தொடர்கிறது. சாப்பிட்டபின் தட்டைக் கழற்றிக் கழுவும்போது, எலும்பில்லாத இடத்தில் மூச்சு குளிர்ந்து போவது தெரிகிறது.

கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதை விட்டுவிட்டேன். எழுதி முடித்து, திரும்பி நின்று, பிள்ளைகளுக்கு முகம் கொடுத்துத்தான் அடுத்த வசனம். ஒரு வசனம் இவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்பு எனக்குத் தெரியாது.