போகியன்று போன வைஃபை

போகி என்றால் எங்கள் விளாங்குடி வீட்டில் பழையது எதுவும் தங்கக் கூடாது. என் மனைவி கிழிந்த பாய்களையும் உடைந்த வாளியையும் வாசலில் குவித்தார். எனக்கும் கை அரித்தது. வீட்டுக்கு ஒரே மடிக்கணினி. அதில் நான் பெருமையோடு போட்டுவைத்த இலவச இயங்குதளம். புது அப்டேட்டை ஏற்றினேன். ஏதாவது கெட்டால் திரும்பிப் போவதற்கென்று அது பழைய பதிப்பையும் பத்திரமாக வைத்திருக்கும். போகியும் அதுவுமாகப் பழசு எதற்கு என்று அதையும் அழித்தேன். மடிக்கணினியை அணைத்துப் போட்டேன், புதுப் பதிப்பில் வைஃபை செத்துக் கிடந்தது.

அந்த மடிக்கணினியில்தான் மனைவி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர்களுக்குப் பொங்கல் லீவு கிடையாது. புதிதாகக் கிடைத்த வகுப்பு அது. தடங்கலில்லாமல் நடத்திக் காட்டினால்தான் அவருக்கே நிலைக்கும். போனை ஒயரால் இணைத்துச் சமாளித்தோம். போனில் ஒயர் செருகும் இடம் தளர்ந்து கிடந்தது. மேஜை லேசாக ஆடினாலும் வகுப்பு அறுந்தது.

"என்னங்க, டவுன்ஹால் ரோட்டுல வைஃபை குச்சி விக்கிறாங்களாம்ல. செருகுனா வேலை முடிஞ்சிருமாம். கடை திறந்ததும் வாங்கிட்டு வந்துருங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான்தான் நெட்டில் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேனே! வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற நிரலில், தேவையில்லாத வரி என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றை நீக்கியிருந்தார். அவர் ஊரிலும் போகி போலிருக்கிறது. இன்னொருவர் அதைத் திரும்ப எழுதி, திருத்தமும் தயாராக இருந்தது. பிறகு எதற்குக் குச்சி? "இன்னைக்கோ நாளைக்கோ வந்துரும்" என்றேன்.

வரவில்லை. கெடுத்த மாற்றம் கேட்பாரில்லாமல் வீட்டுக்குள் வந்தது. சரிசெய்யும் வரிக்கோ சடங்கு அதிகம். முதலில் அடுத்து வரப்போகும் பதிப்பில் அது சேர வேண்டும். பிறகுதான் நாங்கள் ஓட்டும் நிலையான பதிப்புக்கு இறங்கும். அதற்கும் முன்னால், வைஃபை செத்துப்போன யாராவது சோதித்துப் பார்த்து மெயில் போட வேண்டுமாம்.

"சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாரு போல" என்றார் மனைவி. "ஆமா, அவங்க கேட்டத நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. பயனரின் உரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தேன். 'நன்றி, சோதித்தீர்களா?' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவர்கள் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்று அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன்.

அலங்காநல்லூரில் மாடெல்லாம் அவிழ்த்து முடிந்து, ஊரே வேலைக்குத் திரும்பிவிட்டது. கடைகளும் திறந்தாயிற்று. நான் குச்சி வாங்கவில்லை, வாங்கினால் தோற்றதாகிவிடும். அந்த ஊரிலிருந்து வந்திருந்த மனைவியின் அண்ணன் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா மாப்ள?" என்று சிரித்தார். இதற்கு நடுவே வகுப்பு பின்னத்துக்கும் தசமத்துக்கும் இடையில் அறுந்துகொண்டே இருந்தது.

கடைசியில் முறுக்கு இறங்கி, அந்த வரியைச் சேர்த்துச் சோதித்தேன். வைஃபை உயிர்பெற்றது. 'சோதித்தேன், சரியாகிவிட்டது' என்று எழுதினேன். அவ்வளவு நாள் நகராத திருத்தம் மளமளவென்று நகர்ந்தது. அதே வாரம் மனைவியின் வகுப்பு வேறொரு டீச்சருக்குப் போனது. மனைவி என்னைத் திட்டவில்லை. அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்டேட் வந்தது. திருத்தத்தின் அடியில், சோதித்தவர் என்று என் பெயர்! வெட்கமெல்லாம் எங்கே போனதோ, உலகம் முழுக்க என் பெயர் போகிறதென்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"உங்க பேரு வந்துருச்சுங்க" என்றார். "எம் பிள்ளைக வருவாங்களா?"